முப்பத்தொரு கண்ணாடிகளும் ஒரு பிரதம விருந்தினரும்

கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸின் வீட்டுக் கதவை அந்தச் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு யாரோ உடைத்துவிடுகிற மாதிரித் தட்டினார்கள். அவள் அப்போது தன் நீலச் சால்வையைத் தோளில் வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு வெள்ளவத்தை நீலக்கரை சேவைக் கழகத்தின் மாதக் கூட்டம். சால்வை இல்லாமல் போனால் அங்கே தண்டனை உண்டு. எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். பிந்தி வந்தால் பாட்டு. போன் அடித்தால் பாட்டு. தலைவர் மணியைத் தட்டி அனுமதி தருமுன் வாயைத் திறந்தாலும் பாட்டு. கப்பல் முகவர் கம்பனி ஒன்றில் இருபது வருடமாக ஆவணங்களோடு மாரடிக்கிற நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு, பாட்டுக்குப் பயந்து ஊசி குத்துகிற கதி வந்ததே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் குத்தினாள்.

கழகத்தில் அவள் வெறும் கொன்ஸ்ரன்ஸ் அல்ல, 'சேவகர் கொன்ஸ்ரன்ஸ்'. இளையோர் அணிக்குப் பொறுப்பாளர். அங்கே எல்லாரும் ஒருவரையொருவர் சேவகர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிப் பேர் வீட்டில் குடித்த கோப்பையைக்கூடக் கழுவி வைப்பதில்லை என்பது மனைவிமாருக்கு மட்டும் தெரிந்த கதை.

கதவைத் திறந்தால் பர்ஹா. பத்தொன்பது வயது, கிராண்ட்பாஸ்காரி, இளையோர் அணியின் செயலாளர். அவள் கையில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று. பிள்ளையின் மூக்கில், ஓய்வுபெற்ற தபாலதிபர் யாரோ கழற்றி வைத்த மாதிரி ஒரு பெரிய பழுப்புக் கண்ணாடி, பின்மண்டையில் இறப்பர் நாடாவால் கட்டப்பட்டிருந்தது.

"அன்ரி, இவளைக் கொஞ்சம் பாருங்க."

"உள்ளே வாங்க முதல்ல. இது ஆர் பிள்ளை?"

"ஷிஹாரா. மட்டக்குளி ஸமீமா ராத்தாட மகள். எங்கட லிஸ்ட்ல பதினேழாவது."

"இது என்ன கண்ணாடி?"

"பெட்டா பேவ்மென்ட் கடையில உம்மா வாங்கினது," என்றது பிள்ளை. அதன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பர்ஹா சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினாள். "வாசி."

ஷிஹாரா கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, கிட்டப் போய், எட்டப் போய் வாசித்தது. மூன்று எட்டாகியது. ஒன்று ஏழாகியது. நான்காவது எண்ணில் நிறுத்திவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டது.

"கண்ணாடி போட்டும் ஏன் பிழை விடுறாய் எண்டு உம்மா அடிச்சா," என்றது, புகாராக அல்ல, செய்தியாக.

கொன்ஸ்ரன்ஸுக்குக் கோபம் லேசில் வராது. வேலைசெய்யும் கந்தோரில் அவளுக்குப் பெயரே 'பஞ்சு'. ஆனால் அந்த ஒரு வசனத்தில் பஞ்சில் நெருப்புப் பிடித்தது. கெட்ட நேரம், அது யார்மேல் எரிய வேண்டும் என்றும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முதல் ஆள் அவளேதான்.

நடந்தது இதுதான். மார்ச் மாதம் கழகம் ஒரு கண் பரிசோதனை முகாம் வைத்தது. பர்ஹாவும் அணிப் பிள்ளைகளும் மஞ்சள் ரீசேட் போட்டுக்கொண்டு கிராண்ட்பாஸ், முகத்துவாரம், மட்டக்குளி என்று மாடிமாடியாக ஏறி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வந்தார்கள். புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளுக்குக் கண் தெரிய வேண்டும் என்பதுதான் திட்டமே. முப்பத்தொரு பேருக்குக் கண்ணாடி தேவை என்றார் டொக்டர். ஷிஹாராவைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னாலும் அதன் நிழல் நிற்கும், இந்த வகைக் கண்ணாடி போட்டால் முதலில் தரையே சரிந்த மாதிரித் தெரியும், பழக ஒரு கிழமையாவது வேண்டும் என்றும் சொன்னார். மே மாதம் முப்பத்தொரு கண்ணாடியும் வந்து சேர்ந்தன.

வந்தன, அவ்வளவுதான். கொடுக்கப்படவில்லை.

ஏனென்றால் நீலக்கரைக் கழகத்தில் எதுவும் சும்மா கொடுக்கப்படாது, 'கையளிக்கப்படும்'. கையளிப்புக்குப் பிரதம விருந்தினர் வேண்டும். பிரதம விருந்தினர் என்றால் எல்லாக் கிளைகளுக்கும் மேலான மாவட்டத் தலைவர். அது போதாதென்று, கழகத்தின் வருடம் ஜூலையில் பிறக்கிறது. ஜூன் முடிய பழைய தலைவர் இறங்கிப் புதியவர் ஏறுவார். ஜூனில் கொடுத்தால் பழையவர் கணக்கு. ஜூலையில் கொடுத்தால் புதியவரின் 'முதல் செயற்திட்டம்'. மே மாதக் கூட்டத்தில், ஜூலைக்குத் தள்ளிப்போடலாம் என்று எழுந்து முன்மொழிந்தவர் யார்? சேவகர் கொன்ஸ்ரன்ஸ். புதிய வருடத்திலும் இளையோர் அணி அவளிடம்தான் இருக்கப்போகிறது. வருடத்தின் முதல் திட்டம் தன் அணியினுடையதாக இருந்தால் ஆண்டிறுதியில் ஒரு பின்னூசிப் பதக்கம் கிடைக்கும் என்று யோசித்திருந்தாள். தகரத்தில் செய்த, விரல்நகம் அளவுப் பதக்கம். அதற்காக ஆசைப்பட்டதை இப்போது நினைக்க அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைய வேண்டும்போல் இருந்தது.

ஜூலை ஐந்து என்றார்கள். மாவட்டத் தலைவருக்கு வேறொரு கிளையின் பதவியேற்பு. ஜூலை பத்தொன்பது என்றார்கள். அவர் சிங்கப்பூரில். கண்ணாடிகள் வெள்ளவத்தையில் புதிய தலைவர் புவாத்தின் குளியலறைச் சாமான் கடையில், இரண்டு கொமோட்டுகளுக்கு நடுவில் ஒரு பெட்டிக்குள் தூங்கின. பரீட்சை அடுத்த ஞாயிறு.

"அன்ரி, நான் இப்ப பாண் வாங்கக் கடைக்குப் போறல்ல," என்றாள் பர்ஹா. "முன் ரோட்டால போனா உம்மாமார் பிடிக்கிறாங்க. 'எங்க மகள் கண்ணாடி? பேரெல்லாம் எழுதிட்டுப் போனீங்க, எங்க?' எண்டு. நான் ரோட்டுல கள்ளி மாதிரிப் பூந்து ஓடுறன். நீங்க எல்லாரும் வெள்ளவத்தைக்குப் போயிருவீங்க. வாக்குக் குடுத்த மூஞ்சி என்ட மூஞ்சி."

"இண்டைக்குக் கூட்டத்தில கதைக்கிறன், பர்ஹா."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க."

சொன்னதுதான். போன மாதக் கூட்டத்தில் அவள் வாயெடுக்குமுன் சிற்றுண்டி ரோல்ஸ் சூடாக வந்துவிட்டது.

பர்ஹாவின் அண்ணன் ரிம்ஸான் த்ரீவீலோடு ஒழுங்கை முனையில் நின்றான். பிள்ளையை மட்டக்குளியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெள்ளவத்தைக்கு வா என்று அவனை அனுப்பிவிட்டு, பெண்கள் இருவரும் பஸ் ஏறினார்கள். வழி முழுவதும் கொன்ஸ்ரன்ஸ் தான் பேசப்போவதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். 'மதிப்புக்குரிய தலைவர் அவர்களே' என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகு வந்ததெல்லாம் தேவாலயத்தில் சொல்லக் கூடாத சொற்களாக இருந்தன.

காலி வீதியில் ஒரு ரெஸ்டூரண்டின் மேல்மாடி. கடற்பக்க யன்னல்களுக்கு வெளியே ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இருபத்திரண்டு நீலச் சால்வைகள். பர்ஹாவுக்கு வழமைபோலக் கடைசி வரிசை. இளையோர் கூட்டத்தைப் பார்க்கலாம், பேசக் கூடாது. மேடை மேசையில் ஒரு பெட்டி, அதைச் சுற்றி நீல றிபன், அதன்மேல் ஒரு பூ.

கண்ணாடிப் பெட்டிதான். 'கையளிப்புக்கான ஆயத்தம்' என்று முகநூலில் போடப் படம் எடுப்பதற்காகக் கொண்டுவந்திருந்தார்கள். சேவகர்கள் மூன்று பேர் மூன்று பேராகப் போய், பெட்டியின்மேல் கை வைத்து, பல்லைக் காட்டிவிட்டு வந்தார்கள். கொன்ஸ்ரன்ஸையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. ஒருவேளை அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பக்கத்துச் சேவகர் விசாரித்தார்.

அந்த மாதப் பிறந்தநாள்காரருக்குக் கைதட்டினார்கள். போன கூட்டத்தின் குறிப்பை வாசித்தார்கள். பிறகு புவாத் எழுந்தார். புவாத் கெட்டவர் அல்ல, அதுதான் தொல்லை. வெள்ளத்துக்குத் தன் லொறியில் சோற்றுப் பார்சல் கொண்டுபோனவர், யாரும் கேட்காமலே. ஆனால் கழுத்தில் தலைவர் பட்டி ஏறியதிலிருந்து அந்த லொறிக்காரரை யாரும் காணவில்லை.

"சேவகர்களே, ஒரு சந்தோஷமான செய்தி. மாவட்டத் தலைவர் திகதி தந்துட்டார். ஓகஸ்ட் பதினாறு. மண்டபம் புக் பண்ணியாச்சு. பெனர் அடிக்கக் குடுத்தாச்சு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பன், ஒரு…"

"சோதினை பத்தாம் திகதி!"

குரல் தன்னுடையதுதான் என்று கொன்ஸ்ரன்ஸுக்கு ஒரு நொடி கழித்தே தெரிந்தது. மணி தட்டப்படவில்லை. மண்டபம் ஒரு கணம் திகைத்தது. பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து யாரோ, "பாட்டு!" என்றார். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். "பாட்டு! பாட்டு! கோயில் குவயர்க்காரி, நல்லாப் பாடுவா!"

"பாட்டு ஒண்டும் இல்லை. சோதினை பத்தாம் திகதி, தலைவர். நீங்க குடுக்கப்போறது பதினாறாம் திகதி. சோதினை எழுதி முடிச்ச பிள்ளைக்குக் கண்ணாடி எதுக்கு, றிசல்ட்ஸ் பாக்கவா?"

சிரிப்பு மெல்ல அடங்கியது. புவாத் மிருதுவாகச் சொன்னார், "கொன்ஸ்ரன்ஸ், ஆறு நாள்தானே வித்தியாசம். உணர்ச்சிவசப்பட வேணாம்."

"அந்த ஆறு நாளுக்கு முந்தியே சோதினை முடிஞ்சிரும்!" இது கடைசி வரிசை. பர்ஹா எழுந்து நின்றிருந்தாள்.

"மகள், இளையோர் கதைக்கிறல்ல. இருங்க." புவாத் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். "பாருங்க, இவ்வளவு காலம் கண்ணாடி இல்லாமத்தானே அந்தப் பிள்ளைகள் படிச்சது? படிக்கிற பிள்ள எப்பிடியும் படிக்கும். என்ட வாப்பா மண்ணெண்ணெய் விளக்குல படிச்சவர்."

"உங்கட வாப்பாக்கு விளக்குக் குடுக்க, சிங்கப்பூரால ஒருத்தர் வரும்வரைக்கும் ஆரும் காத்திருக்கேல்லை."

ரயில் ஒன்று போனது. எல்லாரும் பழக்கதோஷத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அரை நிமிடம் முழுக்க கொன்ஸ்ரன்ஸ் புவாத்தைப் பார்த்தபடி நின்றாள். அவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார்.

ரயில் போனதும் பழைய தலைவர் ரெனால்ட் எழுந்தார். சட்டத்தரணி, நீதிமன்றத்தில் தோற்பதையெல்லாம் கழகத்தில் வெல்பவர். "ஒரு சின்ன விசயம். இதை ஜூலைக்குத் தள்ளச் சொல்லி மே மாதம் முன்மொழிஞ்சது ஆர் எண்டு கூட்டக் குறிப்பைப் பாத்தா நல்லம்."

பார்க்கத் தேவையில்லை. எல்லாரும் கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார்கள். பர்ஹாவும்தான். மே மாதக் கூட்டத்துக்கு வராத அவளுக்கு இது தெரியாது.

"நான்தான்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "ஒரு தகரப் பதக்கத்துக்காக. வெக்கங்கெட்டவள் நான். அதுக்கு நீங்க எனக்கு என்ன தண்டனை வேணுமெண்டாலும் தாங்க, இருபது பாட்டுப் பாடுறன். ஆனா அந்தப் பிள்ளைக்கு ஏன் தண்டனை? தாய் பேவ்மென்ட்ல கிழவங்கட கண்ணாடி வாங்கி மாட்டியிருக்கிறா. பிள்ளை பிழை விடுது. கண்ணாடி போட்டும் தெரியேல்லையா எண்டு அடி விழுது. அந்த அடி நாங்க குடுத்தது, தலைவர். பெனர் கட்டாமக் குடுத்தது."

மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு நிமிடம் வென்றுவிட்டோம் என்றே அவள் நினைத்தாள்.

ரெனால்ட் தொண்டையைச் செருமினார். "இது பாரதூரமான விசயம். உபகுழு ஒண்டு போட்டு, அடுத்த கூட்டத்துக்கு அறிக்கை தரச் சொல்லலாம்."

அடுத்த கூட்டம் செப்டெம்பரில்.

கை உயர்த்தச் சொன்னார்கள். உபகுழுவுக்குப் பத்தொன்பது கைகள். பக்கத்துச் சேவகர்கூட உயர்த்தினார், மன்னிப்புக் கேட்பதுபோல அவளைப் பார்த்தபடி. புவாத் நிம்மதியாக மணியைத் தட்டினார். "சரி. இப்ப சேவகர் கொன்ஸ்ரன்ஸ் ஒரு பாட்டோட…"

கொன்ஸ்ரன்ஸ் மேடைக்குப் போனாள். பாடத்தான் போகிறாள் என்று இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். அவள் பூவை எடுத்து மேசையில் வைத்தாள். றிபனை இழுத்தாள், அறவில்லை. பல்லால் கடித்தாள், அறுந்தது. பெட்டியைத் தூக்கினாள்.

"கொன்ஸ்ரன்ஸ்! அது கழகச் சொத்து!"

"இல்லை. அது முப்பத்தொரு பிள்ளைகளின்ர கண். நான் பொறுப்பாளர், நான் கொண்டுபோறன். குறிப்பில எழுதுங்க. ராஜினாமாவையும் அதிலயே சேர்த்து எழுதுங்க, ரெண்டு வேலையில்லை."

"இப்பிடிப் போனா திரும்பி வரேலாது!"

"வாறன் எண்டு கேட்டாத்தானே."

பர்ஹா ஓடிவந்து பெட்டியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். படிக்கட்டில் ரோல்ஸ் தட்டோடு ஏறிவந்த வெயிட்டர் பையன் ஒதுங்கி நின்று, "மிஸ், கன்னே நெத்த?" என்று சிங்களத்தில் கேட்டான், சாப்பிடவில்லையா என்று. "எப்பா மல்லி," என்றாள் கொன்ஸ்ரன்ஸ், வேண்டாம் தம்பி என்று. ஒன்பது வருடத்தில் நீலக்கரையில் அவள் சாப்பிடாமல் இறங்கியது அன்றைக்குத்தான்.

காலி வீதியில் வெயில் இன்னும் இருந்தது. ரிம்ஸானின் த்ரீவீல் வரும்வரை நடைபாதையிலேயே பெட்டியை இறக்கி வைத்தார்கள். பர்ஹா அவளைப் பார்க்காமல் கேட்டாள், "நீங்களா அன்ரி தள்ளிப்போடச் சொன்னது?"

"ஓம்."

"எனக்குச் சொல்லல்ல."

"சொல்ல மூஞ்சி இருக்கேல்லை."

பர்ஹா பெட்டியை நடைபாதை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிவைத்தாள். "எனக்கு இன்னும் கோவம்தான்," என்றாள்.

"இருக்கட்டும். எனக்கும்தான்."

வண்டிக்குள் பெட்டியைத் திறந்தால், உறைகளின்மேல் பெயர் இல்லை. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை இலக்கம் மட்டும். பெயர்ப்பட்டியல் புவாத்தின் கோப்பில். ஆனால் ஒவ்வோர் உறையிலும் கழகச் சின்னம் தவறாமல் பளபளத்தது. கொன்ஸ்ரன்ஸ் தலையில் கைவைத்தாள். பர்ஹா தன் பையிலிருந்து ஒரு தடித்த அட்டைக் கொப்பியை உருவினாள். மார்ச் மாதம் மாடிமாடியாக ஏறி அவள் கையால் எழுதிய பட்டியல்: இலக்கம், பெயர், வீடு, எந்தத் தட்டு, எந்தக் கதவு, நாய் கடிக்குமா இல்லையா. கழகம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தக் கொப்பிக்குள்தான் இருந்தது என்று கொன்ஸ்ரன்ஸுக்குத் தோன்றியது.

முதலில் பதினேழு.

மட்டக்குளித் தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் ஸமீமா கதவைத் திறந்தாள். நீலச் சால்வையைக் கண்டதும் முகம் மாறியது. "ஒரு நிமிசம், மிஸ்!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பெட்டி திறக்கிற சத்தம், பிள்ளையை அதட்டுகிற சத்தம். மறுபடி திறந்தபோது ஷிஹாரா பெருநாள் சட்டையில், தலை வாரி, பவுடர் போட்டு, சுவரோடு நேராக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டு கையும் முன்னால் நீட்டி, வாங்குவதற்குத் தயாராக.

"சிரி," என்றாள் ஸமீமா மகளிடம். பிறகு கொன்ஸ்ரன்ஸிடம், "எடுங்க மிஸ்."

"என்ன எடுக்க?"

"போட்டோ."

கொன்ஸ்ரன்ஸ் தோளிலிருந்த ஊசியைக் கழற்றிச் சால்வையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். விரலில் குத்தியது. "போட்டோ இல்லை, ஸமீமா. கண்ணாடி மட்டும்தான்."

ஸமீமா நகரவில்லை. "போட்டோ எடுக்காட்டி எப்பிடி மிஸ்? போன வருசம் ஒரு சங்கம் வந்து ஸ்கூல் பேக் குடுத்திச்சி. போட்டோ எடுத்துட்டு, இது சேம்பிள், உங்கடது பொறகு வரும் எண்டு திருப்பி எடுத்துட்டுப் போனாங்க. வரல்ல. போட்டோ எடுத்தே அப்பிடி. எடுக்காம விட்டா நாளைக்கு வந்து கேக்க மாட்டாங்களா?"

"எந்தச் சங்கம் அது?"

"யாருக்குத் தெரியும், எல்லாருக்கும் சால்வதானே."

கொன்ஸ்ரன்ஸுக்குக் காது சுட்டது. கூட்டத்தில் எரிந்தது எல்லாம் வெறும் தீக்குச்சி என்று இப்போது தெரிந்தது. இதற்கு யாரிடம் போய்க் கத்துவது? பெட்டியில் இன்னும் முப்பது உறை இருந்தது. அதற்கு முப்பது சுவர், முப்பது பெருநாள் சட்டை.

அவள் மண்டியிட்டு, இறப்பர் நாடாவை அவிழ்த்து அந்தப் பழுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். உறையிலிருந்து சிவப்புச் சட்டமிட்ட சின்னக் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள். ஷிஹாரா கீழே பார்த்து, அவசரமாகச் சுவரைப் பிடித்தது.

"நெலம் சரிஞ்சு ஈக்கி!"

"ஒரு கிழமைக்கு அப்பிடித்தான், செல்லம். கழட்டாதீங்க."

"மிஸ்," என்றாள் ஸமீமா, குரலை இறக்கி. "அப்ப ஒரு கடிதமாவது எழுதித் தாங்க. திருப்பிக் கேக்க மாட்டம் எண்டு."

பர்ஹா கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்துக் கொடுத்தாள். இருபது வருடம் ஏற்றுமதி ஆவணம் எழுதிய கை, கதவுப் பலகையில் தாளை வைத்து எழுதியது: 'இந்தக் கண்ணாடி ஷிஹாராவுக்குச் சொந்தமானது. இதை எவரும், எக்காரணம் கொண்டும், திருப்பிக் கேட்க முடியாது.' கீழே கையெழுத்து.

ஸமீமா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகளின் முன்னால் தூக்கிப் பிடித்தாள். "என்ன எழுதி ஈக்கி எண்டு வாசி."

ஷிஹாரா சுவரை விடவில்லை. இருந்த இடத்திலிருந்தே, கண்ணைச் சுருக்காமல், தலையைச் சாய்க்காமல், ஒவ்வொரு சொல்லாக முழுவதையும் வாசித்தது. தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாக. முடித்துவிட்டு இன்னும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"மிஸ், இதுல திகதி போடல்ல."

"திகதி இல்லாட்டிச் செல்லாதுதானே?" என்றாள் ஸமீமா உடனே.

கொன்ஸ்ரன்ஸ் தாளைத் திரும்ப வாங்கித் திகதி போட்டாள். பைக்குள் போன் அடித்தது, புவாத்தாகத்தான் இருக்கும். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த உறையைத் தேடினாள். ஸமீமா அதற்குள் வெளி நடைக்கு ஓடி, கைப்பிடிக் கம்பிக்கு மேலால் எட்டிக் கீழ்த்தட்டைப் பார்த்துக் கத்தத் தொடங்கியிருந்தாள்:

"ஏய், கண்ணாடி வருது! போட்டோ இல்லையாம்! கடிதத்தக் கேட்டு எடுங்க, திகதி போட்டு!"